ஈஸ்வரியக்காவும் மீன் போட்ட சேட்டும்

பெரிய வெள்ளிக்கிழமை ஒன்றில்தான் நான் ஈஸ்வரியக்காவை முதன்முதலாக அறிந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னர் நான்கு மாதம் ஒரே அறையில் வேலை செய்திருந்தோம், ஆனால் அது அறிந்ததாகாது.

பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில் பெரிய வெள்ளிக்கோ உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த திங்களுக்கோ ஒரு நாள்தான் லீவு. எந்த நாள் என்று முதலாளி தீர்மானிப்பார். எங்கள் முதலாளி செலீன் திங்களைக் கொடுத்துவிட்டார். ஆகவே ஒருசந்தி உபவாசத்தோடு வேலைக்குப் போனேன். மூன்று மணிக்குச் சிலுவைப்பாதைக்குப் போகவேண்டும். என் மேசையிலே அயன் பண்ணாத சேட்டு ஒன்பது கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் சாப்பிட, நான் படிக்கட்டில் போயிருந்து செபமாலை சொல்லிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் ஒன்பது சேட்டும் கம்பியில் தொங்குகின்றன. ஒன்றிலும் ஒரு சுருக்கம் இல்லை. ஈஸ்வரியக்கா தன்னுடைய தையல் மெஷினில் குனிந்திருந்தார். அவருடைய சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே பக்கத்தில் இருந்தது.

நான் வாயைத் திறக்க முதல் அவர் சொன்னார்: "என்ன பாக்கிறாய்? போய் உன்ரை கோட்டை எடு. பஸ் உனக்காண்டி நிக்காது."

அவ்வளவுதான். அதைப்பற்றி அவரும் பிறகு கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

அவருடைய முழுப்பெயர் ஜெகதீஸ்வரி. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில், வெளிப்படிக்கட்டு உள்ள ஒரு வீட்டில் இருந்தார். கணவர் இறந்து பல வருடம். மகன் ஒருவன், டொரொன்டோவுக்குப் பக்கத்தில், ஏஜக்ஸில். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிற்றுக்கிழமை முருகன் கோயில். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. பனிக்காலத்தில் கம்பளித் தொப்பியை இழுத்து விடும்போதுகூட விபூதி அழியாமல் இரண்டு விரலால் தூக்கித்தான் விடுவார்.

நாங்கள் வேலை செய்த இடம் அஹுன்ட்சிக் பக்கத்தில், ஷபனெல் தெருவில், பழைய தையல் பக்டரிக் கட்டிடம் ஒன்றின் ஐந்தாம் மாடி. செலீன் பழைய உடுப்பு வாங்கி, கழுவி, பழுது பார்த்து, அருமை தெரிந்தவர்களுக்கு விற்கிறவர். எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது ஹவாய் சேட்டுகள். பூவும் மீனும் தென்னைமரமுமாக, பார்த்தால் கண் கூசும். எழுபது வருடத்துக்கு முந்தியவை என்றால் செலீன் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவார்.

அந்தக் கட்டிடத்திலேயே, இரண்டு மாடி கீழே, ஒரு சேட்டுப் பக்டரி முன்னர் இருந்தது. அங்கே ஈஸ்வரியக்கா பத்தொன்பது வருடம் பொக்கற் தைத்தவர். பொக்கற் மட்டும்தான். கட்டம்போட்ட சேட்டில் பொக்கற்றின் கோடும் சேட்டின் கோடும் ஒன்றாக ஓடவேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் திருப்பி எறிந்துவிடுவார்களாம். பக்டரி பூட்டியபிறகு வேலை தேடி மேலே வந்திருக்கிறார். செலீன் ஒரு ஹவாய் சேட்டை மேசையில் விரித்து, "இதில் என்ன பழுது?" என்று கேட்டிருக்கிறார்.

ஈஸ்வரியக்கா பார்த்தார். சிவப்பு நிறத்தில் செம்பரத்தம்பூ, பெரிய பெரிய இலை. "பழுதைப் பேந்து சொல்லுறன். முதல்லை பொக்கற் எங்கை?" என்று கேட்டாராம், தன்னுடைய பக்டரிப் பிரெஞ்சில். கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தடவிப் பார்த்தபோதுதான் விளிம்பு தட்டுப்பட்டது. பூவின் பாதி சேட்டிலும் மறுபாதி பொக்கற்றிலுமாக, ஒரே பூவாக வெட்டித் தைத்திருந்தார்கள். ஈஸ்வரியக்கா கையெடுத்துக் கும்பிட்டாராம். "இதைத் தைச்ச மனுசி ஆரோ தெரியாது, அவவின்ரை கையைக் கும்பிடுறன்" என்றாராம். அன்றைக்கே வேலை கிடைத்தது. பழுது என்னவென்று செலீன் பிறகு கேட்கவே இல்லை.

துணியை அவர் படித்தது புத்தகத்தில் இல்லை, விரலில். நல்ல பழைய சேட்டு றேயோன் துணி. மரத்தைக் கூழாக்கி எடுத்த நூல் என்று சொல்லுவார்கள். கையில் எடுத்தால் குளிர்ந்து, பாரமாய், தண்ணீர்போல வழியும். சந்தேகம் என்றால் ஈஸ்வரியக்கா உள் மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, சாமி விளக்கு ஏற்றுகிற நெருப்புப் பெட்டியால் கொளுத்துவார். கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலானால் றேயோன். உருகிக் கறுத்த மணிபோல் இறுகினால் பொலியெஸ்ரர். அப்படியென்றால், "உது பிளாஸ்டிக், போத்தலிலை செய்தது" என்று ஒதுக்கிவிடுவார்.

அச்சைப் பார்க்கவும் அவருக்கு ஒரு வழி இருந்தது. அந்தக் காலத்தில் துணியின் பெரும்பங்கு ஜப்பானில் அச்சடித்து, ஹவாயில் தைத்ததாம். ஒவ்வொரு நிறத்துக்கும் வலைத்துணி கட்டிய ஒவ்வொரு சட்டம். நீலத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று. சட்டத்தைத் துணியில் வைத்து, சாயத்தைக் கையால் இழுத்துவிடுவார்கள். இரண்டு நிறம் சந்திக்கிற ஓரத்தில் மயிரிழை அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அங்கே மூன்றாவதாய் ஒரு நிறம் இருக்கும். ஈஸ்வரியக்கா அந்த ஓரத்தைத்தான் தேடுவார். "மனுசன்ரை கை பட்ட இடம் உதுதான். மெஷின் இப்பிடிப் பிழை விடாது" என்பார்.

மதுஷன் எங்களோடு வேலை செய்தவன். சேட்டுகளைப் படம் எடுத்து இணையத்தில் போடுவது அவன் பொறுப்பு. முப்பது வயது, கலியாணம் முடித்தவன், வாய் ஓயாது. ஒருநாள் புதிதாய்க் கடையில் வாங்கிய கிளிப்படச் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அன்ரி, எத்தினை வருசம் பழசு எண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

ஈஸ்வரியக்கா கிட்டப் போகவுமில்லை, தொடவுமில்லை. "தம்பி, உன்ரை பொக்கற்றிலை கிளிக்குத் தலை இல்லை. உடம்பு சேட்டிலை நிக்குது. தலை எங்கை போட்டுது?"

அவன் குனிந்து பார்த்தான். உண்மைதான், தலை இல்லாத கிளி. அன்று முழுதும் கோட்டைப் பூட்டிக்கொண்டுதான் திரிந்தான்.

இனி அந்த மீன் சேட்டின் கதைக்கு வருகிறேன்.

எங்களிடம் வருகிற உடுப்பில் பாதி இறந்தவர்கள் வீட்டு உடுப்பு. மனைவியோ பிள்ளைகளோ பெட்டியில் கட்டிக் கொண்டுவந்து தருவார்கள். ஈஸ்வரியக்கா அப்படியான பெட்டியைச் சும்மா தொடமாட்டார். ஒரு சின்னப் போத்தலில் மஞ்சள் தண்ணீர் வைத்திருப்பார். பெட்டிக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, மெல்லத் தேவாரம் ஒன்றை முணுமுணுத்து, விரலால் மூன்று முறை தெளிப்பார். பிறகுதான் பெட்டியின் ஒட்டுநாடாவை வெட்டுவார். பெட்டி மூடியிருப்பதால் தண்ணீர் மட்டையில்தான் படும். செலீனும் கண்டிருக்கிறார், ஒன்றும் சொன்னதில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. ஒரு ஆத்துமா விட்டுவிட்டுப் போன பொருளை மரியாதை இல்லாமல் கிளறுவது பாவம் என்றுதான் நானும் நினைப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர், மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மதாம் கிராவெல் என்கிற ஒரு அம்மா தன் கணவரின் உடுப்புகளைக் கொண்டுவந்து மதுஷனிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் விற்பதற்கு, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மேலே இருந்தது. கடல்நீல றேயோன் துணி, வெள்ளை நுரையோடு அலை, அலைக்குள் பெரிய பெரிய மீன். கணவருக்குப் பதினெட்டு வயதில் கப்பலில் வேலை செய்த தமையன் கொண்டுவந்து கொடுத்ததாம். கொலர் தேய்ந்திருந்தது. அதைத் திருப்பித் தைத்துத் தரவேண்டும். சனிக்கிழமை அவருடைய நினைவுப் பூசை. சாம்பல் வைத்த குடுவைக்குப் பக்கத்தில் அந்தச் சேட்டை விரித்து வைக்கப்போகிறார்கள்.

மதுஷன் சேட்டைப் பார்க்கிற ஆசையில் பெட்டியைத் திறந்து, மூடாமல் விட்டுவிட்டுக் கமராவை எடுக்கப் போனான். ஈஸ்வரியக்கா போத்தலோடு வந்தார். கண்ணை மூடினார்.

கண்ணைத் திறந்தபோது மூன்று சொட்டும் சேட்டில். நீலத்தில் விழுந்திருந்தால் தெரிந்திராது. மூன்றும் வெள்ளை நுரையில்.

"ஐயோ முருகா" என்றார். அந்தக் குரலை நான் அவரிடம் அதற்கு முன்னர் கேட்டதில்லை.

ஓடிவந்த மதுஷன் தன் பிழை என்று நினைத்துப் பதறி, கறை எடுக்கிற சவர்க்கார ஸ்பிறேயைத் தூக்கி அடித்துவிட்டான். மஞ்சள் சொட்டு மூன்றும் எங்கள் கண்முன்னே சிவந்தன.

"அன்ரி, இரத்தம் மாதிரிக் கிடக்கு!"

"பேயா! மஞ்சளுக்குச் சவர்க்காரமோ? குங்குமம் என்னெண்டு செய்யிறது எண்டு உன்ரை கொம்மா சொல்லித் தரேல்லையோ?"

"அம்மா கடையிலை வாங்குறவ அன்ரி."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஈஸ்வரியக்கா சிரிக்கவில்லை. வினாகிரியைத் தண்ணீரில் கலந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். றேயோன் நனைந்தால் பலமில்லை, தேய்த்தால் கிழிந்துவிடும். சிவப்பு மெல்ல மெல்ல மஞ்சளுக்குத் திரும்பியது. மஞ்சளுக்கு அப்பால் போகவில்லை.

செலீன் வந்தார். ஈஸ்வரியக்கா மறைக்கவில்லை. தான் செய்ததை, கை காட்டிச் சொன்னார். செலீன் குனிந்து மூன்று சொட்டையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள் எடுக்க முடியுமா?"

"வெயிலிலை வச்சால் மஞ்சள் போகும். ஆனா வெயில் நீலத்தையும் திண்டுபோடும்."

அன்று பின்னேரம் ஈஸ்வரியக்கா ஒன்றும் தைக்கவில்லை. சன்னல் பக்கமாகப் போய் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனேன்.

"சேட்டு எண்டாப் போகட்டும் எண்டு விடலாம் றெஜினா. இது அந்த மனுசன்ரை சாம்பலுக்குப் பக்கத்திலை வைக்கிற உடுப்பு. அவருக்கு மரியாதை செய்யிறன் எண்டு போய், கடைசி மரியாதையைக் கெடுத்துப்போட்டன். சனிக்கிழமை அந்த மனுசிக்கு நான் என்னத்தைக் குடுக்கப் போறன்?"

"செபிக்கிறன் அக்கா" என்றேன்.

"செபி. ஆனா காலமை வெள்ளன வா. கடதாசி பிடிக்க ஆள் வேணும்."

புதன்கிழமை காலை அவர் செய்தது எனக்கு இன்றைக்கும் அதிசயம். பழைய பக்டரிப் பழக்கம், வெட்டும்போது அளவு எடுக்கிற மண்ணிறக் கடதாசி அவரிடம் எப்போதும் இருக்கும். சேட்டை ஒரு மட்டையில் நேராய் விரித்து, அதன்மேல் கடதாசியை இரண்டு மடிப்பாய்ப் போட்டு, கறை உள்ள மூன்று இடத்திலும் ஒவ்வொரு ஓட்டை வெட்டினார். வட்டமாக அல்ல. நுரையின் ஓரத்தோடு ஓரமாக, நீலத்தில் ஒரு நூல்கூட வெளியே தெரியாதபடி. ஊசிமுனைக் கத்தரிக்கோலால் ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார். நான் கடதாசி அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு தெற்குப் பக்கச் சன்னலில் சாய்த்து வைத்தார். வெயில் நகர நகர மட்டையையும் நகர்த்தினோம். சூரியன் மற்றக் கட்டிடத்துக்குப் பின்னால் போகும்வரைக்கும் அதுதான் வேலை. இடையில் கொலரைக் கழற்றித் தன் கையால் திருப்பித் தைத்தார்.

வியாழக்கிழமை பனி கொட்டியது. வானமே இல்லை.

"சூரிய பகவானுக்கு இண்டைக்கு லீவாக்கும்" என்றான் மதுஷன்.

"வாயை மூடு. உன்ரை ஸ்பிறேயாலைதான் அவர் கோவிச்சவர்."

வெள்ளிக்கிழமை காலை, கர்த்தருக்கு நன்றி, நல்ல வெயில். கீழே பனியில் பட்டு, இரண்டு மடங்காய் அறைக்குள் வந்தது. பதினொரு மணிக்குக் கடதாசியை எடுத்துப் பார்த்தோம். இரண்டு சொட்டு முற்றாய்ப் போய்விட்டது. மூன்றாவது, பொக்கற்றுக்குக் கிட்ட இருந்தது, வெளிறி ஒரு நிழல்போல நின்றது. தெரிந்தவர் பார்த்தால்தான் தெரியும். நீலம் அப்படியே இருந்தது.

செலீன் சந்தோஷப்பட்டு, "முடிந்தது. அவரிடம் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. யாருக்கும் தெரியாது" என்றார்.

ஈஸ்வரியக்கா சேட்டை மடித்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்தானே" என்றார். அதைத் தமிழில் சொன்னார், பிறகு பிரெஞ்சிலும் சொன்னார்.

செலீனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவர் கோபப்பட்டால் என் கடையின் பெயர் கெடும். உன்னை இங்கே வைத்திருக்கவும் கஷ்டமாகும்" என்றார். மிரட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

"ஓம். தெரியும்."

இரண்டு மணிக்கு மதாம் கிராவெல் வந்தார். குள்ளமான, மெலிந்த அம்மா. கோட்டைக் கழற்றாமலே கதிரையின் நுனியில் இருந்தார். ஈஸ்வரியக்கா சேட்டை அவர் முன்னால் விரித்தார். அந்த அம்மா கொலரைத் தடவிப் பார்த்து, "மேர்சி, மேர்சி" என்று நன்றி சொன்னார். கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும்.

ஈஸ்வரியக்கா விரலை வைத்தார். "மதாம், இது நான் செய்த பிழை."

தன் உடைந்த பிரெஞ்சில் முழுவதும் சொன்னார். முடியாத இடத்தில் செலீன் எடுத்துச் சொன்னார். மஞ்சள் தண்ணீர், மூடாத பெட்டி, மூடிய கண். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக் குனிந்து, அந்த நிழலைப் பார்த்தார்.

"ஏன் தெளித்தாய்?"

"இறந்தவர் விட்டுப்போன பொருளை நாங்கள் கும்பிட்டுத்தான் தொடுவோம், மதாம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சேட்டின் கீழ்மடிப்பைத் திருப்பினார். உட்பக்கத்தில் ஒரு பழைய கறை, விரல் நீளத்துக்கு, நல்ல மஞ்சள்.

"மஸ்ரட்" என்றார், ஹொட்டோக்கில் பூசுகிற கடுகுக் கூழ். "இந்த ஊரில் ஒலிம்பிக் நடந்த வருடம். ஒவ்வொரு சென்-ஜோன் நாளும் தோட்டத்தில் இதைப் போட்டுக்கொண்டுதான் ஹொட்டோக் சாப்பிடுவார். கழுவ விடமாட்டார். மெஷினில் போட்டால் மீன் செத்துவிடும் என்பார். நாற்பது வருடம் இதற்காகச் சண்டை பிடித்தேன். நீ என்னிடம் இந்தப் பொட்டைக் காட்டுகிறாய்!"

சென்-ஜோன் என்பது நாங்கள் சொல்லுகிற ஸ்நாபக அருளப்பர் திருநாள். அன்றைக்கு இந்த ஊர் முழுதும் தோட்டத்தில்தான் இருக்கும். மதுஷன் மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டான். முதலில் சிரித்தது அந்த அம்மாதான்.

சிரித்து முடிந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, அவர் கேட்டார்: "மற்ற உடுப்புகளுக்கும் செய்தாயா? காற்சட்டைகளுக்கும்?"

"முழுப் பெட்டிக்கும், மதாம்."

"சப்பாத்துக்கும்?"

"சப்பாத்துக்கும்."

"பொன்" என்றார். நல்லது என்று அர்த்தம். சேட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன்பிறகுதான் கோட்டின் தெறிகளைக் கழற்றி, ஒரு கோப்பி கேட்டார். அன்று அரை மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டுத்தான் போனார்.

அவர் போனபிறகு செலீன் ஈஸ்வரியக்காவின் தோளில் கை வைத்தார். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இனி இந்த அறைக்குள் மஞ்சள் வரக்கூடாது, மூடிய பெட்டிக்கும் வேண்டாம், ஒரு தடவை தப்பினோம்.

ஈஸ்வரியக்கா அன்றைக்கே போத்தலைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோனார். "அவ சொல்லுறது சரிதானே. இது அவவின்ரை கடை, மற்றாக்களின்ரை உடுப்பு" என்றார். அதற்குப் பிறகு பெட்டி வந்தால் இரண்டு கையையும் மேலே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சில நாளில் கையை எடுத்தபிறகும் அந்த இடத்திலேயே நிற்பார். ஏதோ குறைகிறது என்று அவருக்கு இருந்தது, எனக்குத் தெரியும். "வெறுங்கை மட்டும் போதுமோ, றெஜினா?" என்று ஒருநாள் கேட்டார். நான், "ஆண்டவர் மனசைத்தானே பாக்கிறவர் அக்கா" என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் ஆறவில்லை.

இன்னும் ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார். முழங்கால் மோசமாகி, வீட்டின் அந்த மூன்று மாடிப் படி ஏறமுடியாமல் போனது. மகன் வந்து நின்று, கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றான். கடைசி நாள் செப்டெம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை. செலீன் கேக் வெட்டினார். மதுஷன் அந்தக் கிளிச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து படம் எடுத்தான். அன்று காலையிலும் லாவாலில் இருந்து ஒரு பெட்டி வந்திருந்தது, ஒரு ஆசிரியரின் உடுப்பு. அதை அவர் திறக்கவில்லை. என் மேசைக்குத் தள்ளிவிட்டார்.

கீழே தெருவில் மகனின் கார் நின்றது. நான் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மகன் பையை வாங்கி வைத்தான். அவர் ஏறி இருந்து, காலை ஒவ்வொன்றாய் உள்ளே எடுத்து வைத்து, கதவைச் சாத்தப் போனவர், சாத்தாமல் என் கையைப் பிடித்தார்.

"றெஜினா, இனி அந்தப் பெட்டியளுக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. உங்கடை கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்து தெளி. அது கறை பிடியாது, செலீனும் ஒண்டும் சொல்லமாட்டா. ஆனா பிள்ளை, கண்ணைத் திறந்துகொண்டு தெளி."